புது ரப்பரைப் படிப்பது எப்படி: மேசையில் முதல் பத்து மணி நேரம்

டேபிள் டென்னிஸ் பேட்டில் புது ரப்பர் ஒட்டிய அன்று பெரும்பாலும் எல்லோரும் முதலில் செய்வது, பலம் கொண்ட மட்டும் ஒரு ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) அடித்துப் பார்ப்பதுதான். பந்து விர்ரென்று போய் எதிர்மூலையில் விழுந்துவிட்டால் மனசு நிறைந்துவிடும். அரை மணி நேரம் கழித்து ஆட்டம் தொடங்கும். மெல்லத் தள்ளிவிடும் சாதாரண புஷ் ஒன்று மேசையைத் தாண்டிப் போகும். எதிராளியின் சர்வீஸைத் தொட்டால் பந்து வலைக்கு மேலே ஓர் அடி எழும்பி, அடித்துக்கொள் என்று நிற்கும். பழைய ரப்பரில் யோசிக்காமல் போட்ட பிளாக் (பேட்டை நீட்டித் தடுக்கும் அடி) எல்லாம் எங்கெங்கோ சிதறும். அன்று இரவே "இந்த ரப்பர் நமக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த முடிவு பெரும்பாலும் அவசர முடிவு. ஒரு ரப்பருக்கு ஒரே வேகம், ஒரே ஸ்பின் (சுழற்சி) என்று எதுவும் கிடையாது. மெல்லத் தொட்டால் ஒரு மாதிரி பதில் சொல்லும், நடுத்தர அடிக்கு வேறு மாதிரி, முழு வீச்சுக்கு இன்னொரு மாதிரி. அட்டையில் அச்சிட்டிருக்கும் வேகம், ஸ்பின், கன்ட்ரோல் எண்கள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகின்றன. அதுவும் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த அளவுகோலில் போடும் எண்கள் அவை. ஒரு கம்பெனியின் 9-ஐ இன்னொரு கம்பெனியின் 9-உடன் ஒப்பிட முடியாது.

அதனால் ரப்பரை மேசையில் வைத்து, மெல்லத் தொடுவதில் தொடங்கி முழு வீச்சு வரை வரிசையாகப் படிக்க வேண்டும். சுமார் பத்து மணி நேர ஆட்டம் போதும். ரெடிமேட் பேட்டை விட்டுவிட்டு முதல்முறையாகத் தனி பிளேடு (பேட்டின் மரக்கட்டை), தனி ரப்பர் வாங்கியவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஏற்கெனவே சில வருடங்கள் ஆடியவர்களும் இந்த வரிசையில் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

ரப்பருக்குள் என்ன இருக்கிறது

நாம் 'ரப்பர்' என்று சொல்வது இரண்டு தகடுகள் சேர்ந்தது. மேலே பந்தைத் தொடும் ரப்பர் தாள், அடியில் ஸ்பாஞ்ச். மேல்தாளின் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், மறுபக்கம் வரிசை வரிசையாகக் குட்டிக் காம்புகள் போல பிம்பிள்கள் இருக்கும். வழவழப்பான பக்கம் வெளியே தெரிந்தால் அது இன்வர்டட் ரப்பர். இன்று பெரும்பாலோர் ஆடுவது இதில்தான். பிம்பிள்கள் வெளியே தெரியும் ரப்பர்களின் குணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஸ்பாஞ்சும் பசையும் சேர்த்து மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி.

இந்த விதி வந்த கதை சுவையானது. 1952-இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஜப்பானின் ஹிரோஜி சாடோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டுடன் வந்தார். அதுவரை பிம்பிள் ரப்பரில் பந்து படும் ஓசையை வைத்தே அடியின் வலுவை ஊகித்துப் பழகியிருந்த வீரர்களுக்கு, அவர் பேட்டிலிருந்து சத்தமே வரவில்லை. ஆடவர் ஒற்றையர் பட்டத்தை அவர் கொண்டுபோனார். அடுத்த சில ஆண்டுகள் ஆளுக்கொரு தடிமனில் ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். 1959-இல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை போட்டது. இன்று நாம் கையில் பிடித்திருக்கும் பேட்டின் வடிவம் அந்த முடிவிலிருந்து வந்ததுதான்.

பந்து ரப்பரில் தங்குவது ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்துக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மேல்தாள் பந்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுபடுகிறது, திரும்பி வரும்போது பந்தைச் சுழற்றிவிடுகிறது. ஸ்பாஞ்ச் அமுங்குகிறது, பிறகு உண்டிவில் ரப்பர் போல எகிறித் தள்ளுகிறது. ஸ்பின் பெரும்பாலும் முதல் வேலையிலிருந்து வருகிறது, தானாக வரும் வேகம் இரண்டாவதிலிருந்து. எந்த அடிக்கு எந்த வேலை எவ்வளவு நடக்கிறது என்பதுதான் ஒரு ரப்பரின் குணம்.

மேசைக்குப் போகும் முன்

ரப்பரின் பாதுகாப்புத் தாளை உரித்ததும் கட்டைவிரலை மேல்தாளில் மெல்ல வைத்து, அழுத்தாமல் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். விரல் நகராமல் மேல்தாளே சற்று இழுபட்டு வந்தால் நல்ல பிடி இருக்கிறது. அடுத்து ஒரு பந்தை ரப்பர் மேல் வைத்து லேசாக அழுத்திவிட்டு, பேட்டை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். பந்து ஒரு கணமாவது ஒட்டிக்கொண்டு பிறகு விழுந்தால் அது பிசுபிசுப்பு ரகம். சீன ரப்பர்களில் இந்த ரகம் அதிகம். டிஹெச்எஸ் என்ற சீன கம்பெனியின் ஹரிக்கேன் 3 இதற்கு நல்ல உதாரணம். உடனே விழுந்துவிட்டால் குறை என்று நினைக்காதீர்கள். ஜப்பானிய, ஜெர்மன் ரப்பர்களில் பல ஒட்டவே ஒட்டாது, ஆனாலும் பந்தைக் கடித்துப் பிடிக்கும். ஜப்பானிய கம்பெனியான பட்டர்ஃப்ளை 2008-இல் கொண்டுவந்த டெனர்ஜி 05 அப்படிப்பட்டது. ஒட்டுவதும் பிடிப்பதும் வேறு வேறு விஷயங்கள். இதை ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பிறகு பேட்டை அசையாமல் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து பந்தைப் போடுங்கள். எவ்வளவு எழும்புகிறது, என்ன ஓசை வருகிறது என்று கவனியுங்கள். ஸ்பாஞ்ச் மிருதுவாகவும் துள்ளலாகவும் இருந்தால் பந்து தாராளமாக எழும்பும். கடினமான, பிசுபிசுப்பான ரப்பரில் பந்து சோம்பலாக எழுந்து விழும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கையில் சோம்பலாகத் தெரியும் அதே ரப்பர் முழு வீச்சில் பேய் மாதிரி போகும். கையில் துள்ளுவது முழு வீச்சில் மூச்சு வாங்கும். இந்தச் சோதனை உங்களுக்குச் சொல்வது மெல்லிய அடிக்கான பதிலை மட்டும்தான்.

ஸ்பாஞ்சின் கடினத்தை டிகிரியில் போடுவார்கள். இங்கேயும் அதே சிக்கல். ஜெர்மன் ரப்பர்களின் டிகிரியும், ஜப்பானிய டிகிரியும், சீன டிகிரியும் ஒரே அளவுகோல் அல்ல. 36 டிகிரி என்று போட்டிருக்கும் ஒரு டெனர்ஜி, ஜெர்மன் கணக்கில் 36 போட்டிருக்கும் மிருதுவான ரப்பரை விட நன்றாகவே கடினமானது. 39 டிகிரி ஹரிக்கேன் அதைவிடவும் கடினம். ஒரே கம்பெனியின் இரண்டு ரப்பர்களை ஒப்பிடத்தான் அந்த எண் உருப்படியாக உதவும்.

எடையையும் பாருங்கள். அளவாக வெட்டிய ஒரு கடின ரப்பர் 50 கிராம் வரை போகும், மிருதுவானது அதில் சில கிராம் குறையும். இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தாறு கிராம் கூடினாலே ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு மணிக்கட்டு சொல்லிவிடும். புது ரப்பரோடு பேட்டின் தலைப்பக்கம் கனத்துப்போனால் பேக்ஹேண்ட் சற்றுத் தாமதமாக வரும். அதை ரப்பரின் வேகக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்.

சோதனைக்கு ஒரு நிதானம் வேண்டும்

முடிந்தால் ஒரு பக்கம் மட்டும் புது ரப்பர் ஒட்டுங்கள், மறுபக்கம் பழையது இருக்கட்டும். சந்தேகம் வரும்போதெல்லாம் பேட்டைத் திருப்பிப் பிடித்து, அதே பந்தை அதே அடியில் பழைய ரப்பரால் அடித்துப் பார்க்கலாம். பிளேடு, ரப்பர் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பந்து எப்போதும் ஒரே ரகமாக இருக்கட்டும். கூட ஆடுபவர் புள்ளி எடுக்கும் வேகத்தில் இல்லாமல், கேட்ட பந்தைக் கேட்ட இடத்தில் போடக்கூடியவராக இருந்தால் நல்லது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் மேல்தாளில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து பந்து வழுக்கும். கடும் குளிரில் ஸ்பாஞ்ச் இறுகி உயிர் குறைந்தது போல் ஆகும். அப்படிப்பட்ட நாளில் ரப்பருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

முதல் படி: மெதுவான ரேலி

முதல் இருபது நிமிடம் ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்டுக்கு பேக்ஹேண்ட், அரை வேகத்தில். பந்து எங்கே விழுகிறது என்பதை இப்போது விட்டுவிடுங்கள். வலையை எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது என்று மட்டும் பாருங்கள். வலையின் உயரம் 15.25 செ.மீ. பந்து அதற்கு மேலே ஒரு கையகலம் தாண்டுகிறதா, உரசிக்கொண்டு போகிறதா? பழைய ரப்பரில் பிடித்த அதே கோணத்தில் பிடித்தும் பந்து உயரமாகப் போனால், இந்த ரப்பரின் 'த்ரோ' அதிகம் என்று சொல்வார்கள். பந்து ரப்பரை விட்டு மேல்நோக்கிக் கிளம்புகிறது என்று பொருள். அப்படியானால் பேட்டை இன்னும் சற்றுக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். த்ரோ குறைந்த ரப்பருக்கு மாறினால் இதற்கு நேர்மாறாகப் பந்து வலையில் போய் விழும். அங்கே பேட்டைக் கொஞ்சம் திறக்க வேண்டும். புது ரப்பரில் முதல் நாள் வரும் தவறுகளில் பெரும்பங்கு இந்தக் கோண வித்தியாசம்தான், அதைக் கை ஓரிரண்டு நாளில் பழகிக்கொள்ளும்.

இரண்டாம் படி: புஷ்

கூட ஆடுபவரிடம் பேக்ஸ்பின் (பின்னோக்கிச் சுழலும்) பந்து கேட்டு, மேசைக்கு அருகில் நின்று திரும்பத் திரும்ப புஷ் செய்யுங்கள். முதலில் நீளமாக, பிறகு வலைக்குப் பக்கத்திலேயே இரண்டு முறை துள்ளி விழும்படி குட்டையாக. குட்டைப் பந்துதான் இங்கே உண்மையான சோதனை. பந்து வரும் வேகத்தை நீங்கள் கையில் உள்வாங்கிக்கொண்டும் அது தானாகத் துள்ளி நீளமாகப் போகிறதென்றால், இந்த ஸ்பாஞ்சின் உண்டிவில் மெல்லிய தொடுதலிலேயே விழித்துக்கொள்கிறது. ஆரம்பக்காரர்களை இது மிகவும் படுத்தும். கடின ஸ்பாஞ்ச் இந்த இடத்தில் அமைதியாக இருக்கும்.

மூன்றாம் படி: பிளாக்

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து டாப்ஸ்பின் வரட்டும். நீங்கள் பேட்டை நீட்டிப் பிடித்தால் போதும், அடிக்க வேண்டாம். பிடி அதிகமுள்ள ரப்பர் எதிராளியின் ஸ்பின்னையும் அதே அளவு பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு ஸ்பின் கொடுக்கும் அதே குணம் எதிராளியின் ஸ்பின்னுக்கு உங்களைச் சிக்கவைக்கும் குணமும்கூட. ஒரே டாப்ஸ்பினுக்கு ஐந்து பிளாக் ஒரே கோணத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் ரப்பர் உங்களோடு ஒத்துப்போகிறது. வரும் ஸ்பின் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பந்து ஓரடி இரண்டடி தள்ளி விழுந்தால், உங்கள் பிளாக்கில் இன்னும் துல்லியம் வந்த பிறகு தொட வேண்டிய ரப்பர் அது.

நான்காம் படி: பேக்ஸ்பின் பந்தை லூப் செய்வது

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு ரப்பர் என்ன என்பது இங்கேதான் வெளிச்சமாகத் தெரியும். மற்றதையெல்லாம் அவசரமாக முடித்தாலும் இதை அவசரப்படுத்த வேண்டாம்.

நீளமான, கனத்த பேக்ஸ்பின் பந்து கேளுங்கள். முதலில் மெதுவான லூப்: பந்தை உரசி மேலே தூக்குவது, வேகம் வேண்டாம். பந்து மேல்தாளில் சிக்கி, ஒரு கணம் தங்கி, வில்லாக வளைந்து வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் சட்டென்று கீழே விழ வேண்டும். அந்தத் தங்குதல் கையில் தெரியும். உள்ளங்கையில் ஓர் இழுப்பு போல இருக்கும். அது தெரியாமல், 'ஸ்ஸ்' என்று வழுக்கிக்கொண்டு பந்து வலையின் அடியில் போய் விழுந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. ரப்பரில் தூசியோ ஈரமோ இருக்கலாம். மூச்சு ஊதித் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அல்லது இந்த ரப்பருக்கு நீங்கள் கொடுக்கும் உரசல் மிக மெல்லியது.

இரண்டாவது காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். பிசுபிசுப்பு ரப்பரில் மேல்தாளால் மட்டுமே பந்தை உரசித் தூக்கலாம், ஸ்பாஞ்ச் வரை போக வேண்டியதில்லை. துள்ளல் ஸ்பாஞ்ச் உள்ள ரப்பரில் அப்படி மெல்லியதாக உரசினால் பந்து நழுவக்கூடும். அங்கே பந்தைச் சற்று உள்ளே புதைத்து, ஸ்பாஞ்ச் அமுங்கிய பிறகு இழுக்க வேண்டும். ஒரே லூப்தான், இரண்டு ரப்பரில் இரண்டு விதம். முன்பு சீன ரப்பரில் ஆடியவர் ஜெர்மன் ரப்பருக்கு மாறியதும் 'ஸ்பின்னே வரவில்லை' என்று சொல்வதும், மறுபுறம் மாறியவர் 'இது கல்லு மாதிரி இருக்கு' என்று சொல்வதும் இதனால்தான். ரப்பர் மாறியிருக்கிறது, கை இன்னும் பழைய ரப்பருக்கு ஆடிக்கொண்டிருக்கிறது.

பதினைந்து இருபது பந்து மெதுவாக அடித்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். ஒரே பந்துக்கு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள்: வெறும் உரசல், பாதி உரசல் பாதி அடி, ஏறக்குறைய முழு அடி. மூன்றிலும் பந்தின் வளைவு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். எனக்குப் பிடித்த ரப்பர், மூன்றுக்கும் மூன்று தெளிவான பதில் சொல்லும் ரப்பர். அடி மெல்லியதோ வலியதோ, ஒரே வேகத்தில் பந்தைத் துப்பும் ரப்பரில் ஆரம்பத்தில் சுகமாக இருக்கும், ஆனால் எதிராளி நாலு பந்தில் பழகிவிடுவார்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களோடு ஆடும் ஒரு நல்ல ஆட்டக்காரரைப் பார்த்து, பேக்ஹேண்டில் ஒரு கடினமான பிசுபிசுப்பு ரப்பரை ஒட்டினேன். நான்கு மாதம் விடாமல் ஆடினேன். ஃபோர்ஹேண்ட் பக்கம் திருப்பிப் பிடித்தால் அருமை, பேக்ஹேண்டில் பத்துக்கு ஆறு பந்து வலையில். எங்கள் பயிற்சியாளர் ஒருநாள் என் பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்தார். "உன் பேக்ஹேண்ட் வீச்சு அரை அடிதான் வருது தம்பி. இந்த ரப்பர் ஒன்றரை அடி கேட்குது. அவ்வளவுதான் விஷயம்" என்றார். கடின ரப்பர் வேலை செய்ய ஸ்பாஞ்ச் அமுங்க வேண்டும், ஸ்பாஞ்ச் அமுங்க வீச்சு வேண்டும். பேக்ஹேண்டில் பலருக்கும் வீச்சு சின்னதாக இருப்பதால்தான் அந்தப் பக்கம் சற்று மிருதுவான, தானாகத் துள்ளும் ரப்பர் ஒட்டுகிறார்கள். ஒரே ரப்பர் ஒருவர் கையிலேயே ஒரு பக்கம் நல்லதாகவும் மறுபக்கம் பொருந்தாமலும் இருக்கும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஐந்தாம் படி: முழு வீச்சு

இப்போது மேசையிலிருந்து இரண்டடி பின்னால் போய், டாப்ஸ்பினுக்கு டாப்ஸ்பின். பிறகு உயரமாக வரும் பந்தை ஸ்மாஷ். இங்கே தேட வேண்டியது ஒன்றே ஒன்று: ஸ்பாஞ்ச் தரைதட்டுகிறதா? மிருதுவான ஸ்பாஞ்ச் பலமான அடியில் முழுக்க அமுங்கிவிடும். அதற்கு மேல் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை, பந்து நேராகக் கட்டையில் மோதுகிறது. ஓசை மாறும். மெத்தென்ற சத்தம் போய் 'டக்' என்று மரச்சத்தம் வரும். பந்தின் வளைவு தட்டையாகி, கணக்கில்லாமல் நீளமாகவோ வலையிலோ போகும். அடி கூடக் கூடப் பந்தின் வேகம் கூடாமல் ஓரிடத்தில் நின்றுவிடும்.

ஆரம்பக்காரர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. முழு பலத்தோடு அடிக்கும் பந்து ஓர் ஆட்டத்தில் எத்தனை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், மிகக் குறைவு. சர்வீஸ், ரிசீவ், புஷ், பிளாக் இவைதான் நிறைய. அரிதாக அடிக்கும் அடிக்காக ரப்பர் வாங்கி, ஒவ்வொரு புள்ளியிலும் வரும் தொடுதலைக் கெடுத்துக்கொள்வது சரியான பேரம் அல்ல.

ஆறாம் படி: சர்வீஸும் ரிசீவும்

தனியாகவே சோதிக்கலாம். பேக்ஸ்பின் சர்வீஸை வேகமில்லாமல், சற்று உயரமாகப் போடுங்கள். எதிர்ப்பக்கம் விழுந்த பந்து முன்னால் ஓடாமல் நின்றால் ஸ்பின் நன்றாக ஏறியிருக்கிறது; வலையை நோக்கித் திரும்பி வந்தால் இன்னும் நன்று. பழைய ரப்பரில் பத்து, புதியதில் பத்து போட்டு எத்தனை பந்து நிற்கிறது என்று எண்ணுங்கள். கை பழகாத முதல் நாளே இதற்குத் தீர்ப்பு சொல்லிவிடலாம், ஏனென்றால் சர்வீஸில் வரும் ஸ்பின்னைச் சமாளிக்கும் வேலை இல்லை, எல்லாம் உங்கள் கையில்தான்.

ரிசீவ் இதற்கு எதிர். எதிராளி மாற்றி மாற்றிப் போடும் சர்வீஸ்களை எடுப்பதுதான் ரப்பருக்கு வரும் கடைசி, கடினமான தேர்வு. ஐந்தாறு மணி நேரம் ஆடிய பிறகே இதற்கு மதிப்பெண் போடுங்கள்.

அப்புறம் நிஜ ஆட்டம். குறைந்தது நான்கு வெவ்வேறு ஆட்டக்காரர்களோடு ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு சின்ன நோட்டில் நான்கு வரி எழுதினால் போதும். உதாரணத்துக்கு என் நோட்டிலிருந்து ஒரு பதிவு: "3-ஆம் நாள். குட்டை புஷ் 10-இல் 4 நீளம். லூப் வளைவு நல்ல உயரம். பிளாக்கில் பேட்டை இன்னும் கவிழ்க்க வேண்டும். சர்வீஸ் பழையதை விட மேல்." 7-ஆம் நாள் அதே குட்டை புஷ் 10-இல் ஒன்று மட்டும் நீளம் என்று எழுதியிருந்தேன். ரப்பரை மாற்றவில்லை, கை பழகிக்கொண்டது. எழுதி வைத்திருக்காவிட்டால் இந்த மாற்றம் எனக்கே தெரிந்திருக்காது.

பத்து மணி நேரம் கழித்தும் தவறு தொடர்ந்தால்

பந்து தொடர்ந்து நீளமாகப் போகிறது என்றால் முதலில் பேட்டின் கோணம், அடுத்து பேட்டைப் பிடிக்கும் இறுக்கம். கையை இறுக்கிப் பிடித்தால் எந்த ரப்பரும் அதிகமாகத் துள்ளும். இரண்டும் சரியாக இருந்தும் மெல்லிய அடியில் மட்டும் நீளம் போனால் ஸ்பாஞ்ச் தடிமன் அதிகம். அதே ரப்பரை 2.1-க்குப் பதில் 1.8 அல்லது 1.9 மில்லிமீட்டரில் வாங்கிப் பாருங்கள். ஸ்பாஞ்ச் மெலிந்தால் உண்டிவில் சிறுக்கும், கட்டையின் உணர்வு கையில் கூடும், முழு வீச்சின் வேகமும் ஸ்பின்னும் கொஞ்சம் குறையும். முழு அடியிலும் கட்டுக்கு அடங்காவிட்டால் பிளேடைச் சந்தேகியுங்கள். கார்பன் அடுக்கு வைத்த வேகமான பிளேடில் எந்த ரப்பரை ஒட்டினாலும் ஆரம்பக்காரருக்குத் தலைவலிதான். ஐந்து அடுக்கு மர பிளேடுக்குத் திரும்புவது ரப்பர் மாற்றுவதை விட அதிகம் உதவும்.

பந்து வலையில் விழுந்துகொண்டே இருந்தால் வீச்சின் நீளத்தைப் பாருங்கள், என் கதை மாதிரி. வீச்சை நீட்ட முடியாவிட்டால் ஒரு படி மிருதுவான ஸ்பாஞ்சுக்குப் போங்கள்.

முதல் தனி ரப்பர் வாங்குபவருக்கு என் பரிந்துரை எளியது: இரு பக்கமும் ஒரே ரப்பர், நடுத்தர கடினம், 1.8 முதல் 2.0 மில்லிமீட்டர், மேல்தாளில் நல்ல பிடி. யசாகா மார்க் ஃபைவ் 1969-இல் வந்தது, பட்டர்ஃப்ளை ஸ்ரைவர் 1967-இல். இந்தப் பழைய ரகங்கள் தானாகப் பெரிதாகத் துள்ளாது. நீங்கள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். அடி கற்றுக்கொள்ளும் காலத்தில் அது பெரிய உதவி. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ரப்பரில், கைப்பிடிக்கு அருகே, சர்வதேச சம்மேளனத்தின் அனுமதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்பு மட்டுமே என்றிருந்த விதி 2021 அக்டோபரில் தளர்ந்தது; இப்போது நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதாவும் உண்டு.

பிம்பிள் ரப்பர்கள் பற்றிச் சுருக்கமாக

பிம்பிள்கள் வெளியே குட்டையாக இருந்தால் எதிராளியின் ஸ்பின் அவ்வளவாக ஒட்டாது. மேசைக்கு அருகில் நின்று தட்டையாக அடிப்பவர்களுக்கு ஏற்றது. நீளமாக இருந்தால் காம்புகள் வளைந்து, வந்த ஸ்பின்னைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். டாப்ஸ்பினாக வந்த பந்து எதிராளியிடம் பேக்ஸ்பினாகத் திரும்பும். மனிகா பத்ரா பேக்ஹேண்டில் இந்த நீள பிம்பிளை வைத்துக்கொண்டுதான் முன்னணி வீராங்கனைகளைத் திணறடித்தார். இன்வர்டட் ரப்பரில் அடிப்படை அடிகள் பழகும் முன் இதற்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எதிராளி போடும் ஸ்பின்னைப் படிக்கத் தெரியாதவர் கையில் அது அவரையே குழப்பும்.

பராமரிப்பு, ஆயுள்

ஆடி முடித்ததும் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒரே திசையில் துடைத்து, உலரவிட்டு, பாதுகாப்புத் தாளை காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டி வையுங்கள். சோப்பு, சானிடைசர் எதுவும் வேண்டாம். வெயிலிலும் மூடிய காரிலும் பேட்டை விடக் கூடாது. சூடும் வெளிச்சமும் மேல்தாளின் பிடியைத் தின்றுவிடும். ஸ்பாஞ்சை உப்பவைத்து வேகம் கூட்டும் எண்ணெய்களைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். வாங்கிய ரப்பரை ரசாயனத்தால் மாற்றுவதை விதி அனுமதிக்கவில்லை. வேகம் கூட்டும் கரைப்பான் பசைகளும் 2008-இல் தடை செய்யப்பட்டுவிட்டன. ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசை போதும்.

ரப்பர் வயதாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பேட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். நடுவில், பந்து அதிகம் படும் இடத்தில், பளபளப்பு போய் ஒரு வட்டம் மங்கலாகத் தெரியும். விரலால் நகர்த்திப் பார்த்தால் ஓரத்தில் பிடிக்கும், நடுவில் வழுக்கும். துடைத்தும் அந்த வித்தியாசம் போகவில்லை என்றால் காலம் முடிந்தது. வாரம் இரண்டு மூன்று நாள் ஆடுபவர்களுக்குச் சில மாதங்களில் இது வரும். ஸ்பின் மெல்ல மெல்லக் குறைவதால் நமக்குத் தெரியாது. பழக்கத்தில் நாமே பேட்டைத் திறந்து திறந்து சரிக்கட்டிக்கொண்டிருப்போம், அதனால் அடியே கெட்டுவிடும். அதுதான் பழைய ரப்பரின் உண்மையான நஷ்டம்.

கழற்றும்போது ஒரு மூலையிலிருந்து, மர இழைகளின் திசையிலேயே மெதுவாக உரியுங்கள். குறுக்கே இழுத்தால் பிளேடின் மேலடுக்கில் சிராய் கிளம்பும். கழற்றிய ரப்பரைத் தூக்கி எறிய வேண்டாம். பாதுகாப்புத் தாளோடு தட்டையாக ஒரு புத்தகத்தின் நடுவில் வைத்துவிடுங்கள், அட்டையில் தேதி எழுதி. அடுத்த புது ரப்பர் வந்ததும், முதல் நாள் மறுபக்கத்தில் ஒட்டி ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உங்களிடம் இருக்கும் மிகச் சரியான அளவுகோல்.